ஒளு தங்காத மாதங்கள்

சம்சுன்னிசா தொழுகையை விட்டு ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. வீட்டில் அது யாருக்கும் தெரியாது. பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் சத்தம் கேட்டதும் அவள் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். பாயை விரிப்பாள். தொழுது முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம், பாயில் படாமல் அதன் ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருப்பாள். பிறகு பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வெளியே வந்து அடுப்பைக் கவனிப்பாள்.

அது 1910ஆம் ஆண்டு. அவளுக்கு இருபத்தொன்பது வயது. நாகூர்ப் பக்கத்துப் பெண். கல்யாணமான கையோடு கப்பலேறி சிங்கப்பூருக்கு வந்து பத்து வருஷம் ஆகிவிட்டது. கணவன் ஒலி முகம்மதுவுக்கு சிராங்கூன் சாலையில் கடை. அந்தச் சாலை நெடுகப் பால்மாடு வைத்திருந்தவர்களுக்குப் புண்ணாக்கும் தவிடும் பருத்திக்கொட்டையும் அவன்தான் கொடுத்துவந்தான். வீடு டன்லப் தெருவில், பள்ளிவாசலுக்கு நாலு வாசல் தள்ளி ஒரு மாடியில். அந்த நாளில் ஊரிலிருந்து வந்த ஆண்கள் பெரும்பாலும் மனைவிகளை ஊரிலேயே விட்டுவிட்டுத்தான் வருவார்கள். அதனால் அக்கம்பக்கத்தில் சம்சுன்னிசா மனம்விட்டுப் பேச அவள் ஜாதிப் பெண்கள் என்று அதிகம் பேர் கிடையாது. ஒலி முகம்மதுவின் அக்காள் நூருன்னிசா மட்டும் தெலுக் ஆயரில் இருந்தாள். டிராம் ஏறிப் போக வேண்டிய தூரம்.

போன கார்த்திகை மழையில் நான்காவது பிள்ளை இப்ராஹீம் பிறந்தான். மூத்த மூன்றும் சுலபமாகப் பிறந்தவை. இவன் இரண்டு நாள் வதைத்துவிட்டுத்தான் வந்தான். பெரிய குழந்தை. மருத்துவம் பார்த்தவள் ஹலீமா. ரோச்சோர் கால்வாய்க்கு அந்தப்புறத்து மலாய்க்காரி, சம்சுன்னிசாவைவிட ஆறேழு வயதுதான் மூத்தவள். வயிற்றைச் சுற்றி நீளத் துணியால் கட்டிவிட்டு, நாற்பத்து நான்கு நாள் எழுந்து வேலை செய்யக் கூடாது, பாரம் தூக்கவே கூடாது என்று சொன்னாள். எல்லாருக்கும் சொல்வதுதானே என்று சம்சுன்னிசா கேட்டுக்கொண்டாள்.

முதல் பத்து நாள் நூருன்னிசா வந்திருந்து வீட்டைப் பார்த்துக்கொண்டாள். பதினோராம் நாள் அவள் வீட்டில் யாருக்கோ கடுமையான காய்ச்சல் என்று ஆள் வந்தது. அழுதுகொண்டே புறப்பட்டுப் போனாள். ஹலீமாவும் அதே வாரத்தில் கேலாங்கில் ஒரு பிரசவத்துக்குப் போனவள், அங்கே ஏதோ சிக்கலாகி இரண்டு வாரம் திரும்பவில்லை.

பன்னிரண்டாம் நாள் வீட்டில் தண்ணீர் இல்லை. தெருக்குழாய் கீழே முக்கில் இருந்தது. மண்ணெண்ணெய்த் தகரத்துக்குக் குறுக்கே மரக்கட்டை வைத்துப் பிடி செய்து, அதில்தான் பிடித்து மேலே கொண்டுவர வேண்டும். இருபத்திரண்டு படி. ஒலி முகம்மது விடியுமுன் கடைக்குப் போகிறவன். போகும் முன்பு இரண்டு தகரம் கொண்டுவந்து வைப்பான். அது போதும் என்று உண்மையாகவே நினைத்திருந்தான். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு எவ்வளவு தண்ணீர் ஆகும் என்று அவனுக்குத் தெரியாது, அவளும் சொல்லவில்லை. கடையில் நாளெல்லாம் மூட்டை தூக்குகிறவரிடம் இதையும் சொல்வானேன் என்று தானே இறங்கிப் போய்க் கொண்டுவந்தாள். அன்றைக்கு இரண்டு. மறுநாள் நான்கு.

பதினைந்தாம் நாளோ பதினாறாம் நாளோ, பாதிப் படியில் தகரத்தை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றியபோது, அடிவயிற்றில் ஏதோ நழுவிக் கீழே இறங்கினாற்போல் இருந்தது. வலி இல்லை. ஒரு கனம், கால்களுக்கு நடுவே ஏதோ வந்து உட்கார்ந்துகொண்டது போல. தகரத்தைப் படியில் வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்தபடி நின்றாள். மேலே குழந்தை அழுதது. தூக்கிக்கொண்டு ஏறினாள்.

அதற்குப் பிறகு இருமினால், தும்மினால், எதையாவது தூக்கினால் அவளை அறியாமல் சிறுநீர் கொஞ்சம் கசிந்தது. பிள்ளை பெற்ற உடம்பு, நாற்பது கழிந்தால் தானே சரியாகும் என்று இருந்தாள். நாற்பதாம் நாள் பேறுகாலத் தீட்டுக் கழிந்து குளித்துவிட்டு, ஆசையோடு புதுத் துணி உடுத்தி, ஒளு செய்து தொழ நின்றாள். கை, முகம், கால் கழுவிச் சுத்தமாகிற அந்த ஒளு ஒரு சொட்டுச் சிறுநீர் கசிந்தாலும் முறிந்துபோகும். குனிந்து எழுந்தபோதே ஈரம் பட்டது. துணி மாற்றி, கழுவி, மறுபடி ஒளு செய்து முதலிலிருந்து ஆரம்பித்தாள். தரையில் நெற்றி வைத்து எழுந்தபோது மறுபடியும். அந்த நடுப்பகல் லுஹர் வேளையில் மட்டும் ஐந்து தடவை ஒளு செய்தாள். ஐந்தாம் தடவை குழந்தை கத்திக் கத்தி நீலம் பாய்ந்துவிட்டது. பாயைச் சுருட்டிவிட்டுப் பால் கொடுக்க உட்கார்ந்தாள்.

ஒரு வாரம் இப்படி மல்லுக்கட்டினாள். பிறகு கைவிட்டுவிட்டாள். அசுத்தத்தோடு அல்லாவின் முன்னால் நிற்பதைவிட நிற்காமல் இருப்பதே மரியாதை என்று அவளுக்குப் பட்டது. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. பள்ளிவாசல் இமாமிடம் ஒரு பெண் போய் இதைக் கேட்க முடியுமா?

மறைப்பது ஒரு தனி வேலையாக ஆயிற்று. திங்கள்தோறும் டோபி காட் என்ற வண்ணார் துறையிலிருந்து தங்கராஜு வந்து அழுக்குத் துணி எடுத்துப் போவான். அவனிடம் தன் துணியையும் பாய்விரிப்பையும் போடுவதை நிறுத்தினாள். நாற்றம் தெரிந்துவிடும் என்று பயம். கணவனின் சட்டையும் கைலியும் பிள்ளைகளின் துணியும் மட்டும் போட்டாள். தன்னுடையதை வீட்டிலேயே துவைத்தாள். துவைக்க இன்னும் இரண்டு தகரம் தண்ணீர் வேண்டியிருந்தது. தூக்கத் தூக்கக் கசிவு கூடியது. கசிவு கூடக்கூடத் துவைக்க வேண்டிய துணியும் கூடியது.

தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள். யார் வீட்டுக்கும் போவதில்லை. சிரிப்பதும் ஆபத்தாக இருந்தது. நடுவில் உள்ள இரண்டு பையன்களும் குரங்குச் சேட்டை செய்து எல்லாரையும் சிரிக்க வைக்கிறவர்கள். அவர்கள் ஆரம்பித்தால் அவள் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள். மூத்தவள் சாயிராவுக்கு எட்டு வயது. உம்மாவுக்கு நம் மேல் கோபம் என்று தம்பிகளை அதட்டி வைத்தாள்.

வீட்டில் என்னவோ சரியில்லை என்று ஒலி முகம்மதுவுக்கு முதலில் உறைக்க வைத்தவன் தங்கராஜுதான். ஒருநாள் கடைப்பக்கம் வந்தவன், தயங்கித் தயங்கி, நான் துவைப்பதில் ஏதும் குறையா என்று கேட்டான். அம்மா துணி ஒன்றுகூட வருவதில்லை, ஆறு மாதமாகிறது, வேறு ஆளிடம் கொடுக்கிறார்களா என்றான். ஒலி முகம்மது அப்படியெல்லாம் இல்லை என்று அனுப்பிவிட்டான். ஆனால் அது மனதில் கிடந்தது.

அந்த வருஷம் ரஜப் மாதத்தில் நூருன்னிசாவின் மகள் ஜரீனாவுக்கு நிக்காஹ். தாய்மாமன் மனைவி என்ற முறையில் பெண்ணுக்கு மருதாணி வைக்க வேண்டியவள் சம்சுன்னிசா. மூன்று நாள் அங்கேயே தங்க வேண்டும். முப்பது நாற்பது பெண்கள் ஒரே கூடத்தில் உட்கார்ந்து, ஒரே கூடத்தில் படுத்து எழுந்திருப்பார்கள். அங்கே துணி மாற்றவும் துவைக்கவும் மறைவிடம் இருக்காது. வரவில்லை என்றாள்.

"லாத்தா மக கல்யாணம். மாமி நீ வராம யாரு மருதாணி வைக்கிறது?" என்றான் ஒலி முகம்மது. அக்காளை அவர்கள் பக்கத்தில் லாத்தா என்றுதான் சொல்வார்கள்.

"எனக்கு ஒடம்பு சரியில்ல."

"என்ன செய்யுது?"

அவள் குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டிருந்தாள்.

"சம்சு, ஒடம்பு சரியில்லன்னா அதுக்கு ஒரு பேரு இருக்கும். இல்லன்னா மனசு சரியில்லன்னு அர்த்தம். எங்க லாத்தா உனக்கு என்ன கெடுதல் செஞ்சா?"

அவன் பெரிய பிள்ளைகள் மூன்றையும் கூட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனான். பேறுகாலத்தில் பாதியில் விட்டுவிட்டுப் போனதை மனதில் வைத்துத்தான் அவள் வரவில்லை என்று நூருன்னிசா எல்லார் முன்னாலும் சொல்லி அழுததாகத் திரும்பி வந்த சாயிரா சொன்னாள். அதைக் கேட்டுக்கொண்டே சம்சுன்னிசா சோறு பிசைந்து கடைக்குட்டிக்கு ஊட்டினாள்.

கல்யாணம் முடிந்து பத்து நாள் இருக்கும். அவளுக்குச் சிறுநீர் போகும்போது நெருப்பாய் எரிந்தது. இன்னும் தண்ணீரைக் குறைத்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் குளிர் நடுங்கி, இடுப்புக்கு மேலே முதுகு வலித்துக் காய்ச்சல் வந்து விழுந்துவிட்டாள். சாயிரா ஓடிப்போய் வாப்பாவைக் கூட்டிவந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவன் ரிக்‌ஷா கொண்டுவர இறங்கினான். அங்கே ஆண் டாக்டர் பார்ப்பார் என்று அவள் மாட்டேன் என்றாள். வாதாடிப் பார்த்துவிட்டு, அதே ரிக்‌ஷாவில் ஏறிப்போய் ஹலீமாவை அழைத்து வந்தான்.

ஹலீமா வந்ததும் ஒலி முகம்மதுவையும் பிள்ளைகளையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். சம்சுன்னிசாவின் உதட்டைப் பார்த்தாள். மேல்தோலைக் கிள்ளிப் பார்த்தாள். சிறுநீர் என்ன நிறம் என்று கேட்டாள். பிறகு அடுக்களைக்குப் போய்த் தண்ணீர்ப் பானையோடு திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கோப்பை கோப்பையாக ஊற்றிக் கொடுத்தாள். சம்சுன்னிசா வேண்டாம் என்று தலையைத் திருப்பினாள். ஏன் வேண்டாம் என்று ஹலீமா கேட்டாள். காய்ச்சலின் அயர்ச்சியில் இருந்தவளுக்கு மறைக்கத் தெம்பில்லை. குடித்தால் நிற்காது என்று சொல்லிவிட்டாள்.

ஹலீமாவின் பேச்சு சந்தை மலாயும் அரைகுறைத் தமிழுமாக இருக்கும். எத்தனை நாளாக என்று கேட்டாள். பிள்ளை பிறந்ததிலிருந்து என்றாள் இவள்.

"என்கிட்ட வரலையே நீ?"

"இத எப்படிச் சொல்றது?"

"உன் நாலு புள்ளையையும் இந்தக் கையிலதான் வாங்கினேன். என்கிட்ட மறைக்க உன்கிட்ட என்ன மிச்சம் இருக்கு?"

சம்சுன்னிசா அழுதாள். ஹலீமா அவளை அழவிட்டுவிட்டு இன்னொரு கோப்பை ஊற்றினாள். நாளை மறுநாளுக்குள் காய்ச்சல் இறங்காவிட்டால் நானே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவேன், அப்போது வெட்கப்பட்டுப் பயனில்லை என்று கண்டிப்பாகச் சொன்னாள். வாற்கோதுமை வேகவைத்த தண்ணீர் காய்ச்சி, குடம் நிறைய வைத்துவிட்டுப் போனாள். இரண்டாம் நாள் சாயங்காலம் காய்ச்சல் இறங்கியது. அதற்கப்புறம்தான் ஹலீமா அவள் உடம்பை நிதானமாகப் பரிசோதித்தாள்.

தூளியைச் சுட்டிக்காட்டி விளக்கினாள். அடிவயிற்றுக்குக் கீழே, முன்னெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்புவரை, அந்தத் துணிபோல ஒரு தசை விரிந்திருக்கிறது. கருப்பையும் மூத்திரப்பையும் குடலும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. பிள்ளை வரும்போது அது கிழிகிற அளவுக்கு விரிகிறது. பிறகு சுருங்குவதற்கு அதற்கு நாள் வேண்டும். சுருங்குமுன் பாரத்தைப் போட்டால் தொய்ந்துபோகும். நாற்பத்து நான்கு நாள் என்று நான் சொன்னது சடங்குக்காக இல்லை, இதற்காகத்தான் என்றாள். காரணத்தை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன், அது என் தப்பு என்றும் சொன்னாள்.

தனக்கு மட்டும்தான் இப்படியா என்று சம்சுன்னிசா கேட்டாள். ஹலீமா பெயர் சொல்லாமல் விரல்விட்டு எண்ணினாள். ஒரு தையற்காரர் மனைவி. தேக்கா சந்தையில் காய்கறி விற்கும் சீனத்தி. மாட்டுக்காரர் வீட்டில் இரண்டு பேர். கருப்பையே வெளியே இறங்கிவிட்ட ஒருத்தியும் உண்டு. அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள், அங்கே உள்ளே ஒரு வளையம் வைத்துவிட்டார்கள், இப்போது நடமாடுகிறாள்.

"நான் போற வீட்ல பாதி வீட்ல இது இருக்கு. ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான்னு நெனச்சுக்கிட்டு உள்ளயே உக்காந்திருக்கா."

சம்சுன்னிசாவுக்கு அந்தளவுக்கு இறங்கவில்லை, தசைதான் தளர்ந்திருக்கிறது, திரும்பக் கொண்டுவரலாம் என்றாள். மலாய்ப் பெண்கள் அதற்கு ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். கெமுத் என்பார்கள், உள்ளே சுருக்கிப் பிடிப்பது. பாதியில் சிறுநீரை நிறுத்தப் பார்க்கிறவள் எந்த இடத்தைச் சுருக்குவாளோ அந்த இடத்தைச் சுருக்கி, மேலே இழுத்து, ஐந்து எண்ணும்வரை பிடித்து, பிறகு முழுக்கத் தளர்த்த வேண்டும். தொடையையோ வயிற்றையோ இறுக்கக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. முதலில் படுத்துக்கொண்டு, பிறகு உட்கார்ந்து, பிறகு நின்று. ஒரு வேளைக்குப் பத்து, நாளைக்கு ஐந்து வேளை. இருமல் வந்தால் இருமுமுன் சுருக்கிக்கொள்ள வேண்டும். தகரத்தைத் தொடவே கூடாது. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். முக்கி முக்கி மலம் கழிக்கக் கூடாது, கீரையும் பழமும் சாப்பிட வேண்டும். ஒரு மாதம்வரை ஒரு வித்தியாசமும் தெரியாது, அதற்காக விட்டுவிட்டால் அவ்வளவுதான் என்றாள்.

சம்சுன்னிசா கடைசியாகத் தொழுகையைப் பற்றிக் கேட்டாள். தனக்கு மார்க்கம் அவ்வளவாகத் தெரியாது, ஆனால் இதை வைத்துக்கொண்டே தொழுகிறவர்களை அறிவேன் என்றாள் ஹலீமா. படித்தவர் யாரிடமாவது கேட்கச் சொன்னாள்.

படித்தவரிடம் கேட்க வேண்டுமானால் கணவன்தான் போக வேண்டும். அதற்கு முதலில் அவனிடம் சொல்ல வேண்டும். இரண்டு நாள் யோசித்தாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அவன் வெள்ளைச் சட்டையோடு வந்து உட்கார்ந்தபோது, பிள்ளைகளைக் கீழே அனுப்பிவிட்டு, சுவரைப் பார்த்தபடி துணி மடித்துக்கொண்டே சொன்னாள். பன்னிரண்டாம் நாளிலிருந்து ஆரம்பித்து, படிக்கட்டு, துணி, தங்கராஜு, ஜரீனா கல்யாணம், பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது எல்லாவற்றையும். குரல் ஒரே சீராக இருந்தது. தொழவில்லை என்று சொன்ன இடத்தில் மட்டும் நின்றது.

அவன் கோபித்துக்கொள்ளப் போகிறான் என்று காத்திருந்தாள்.

"ஒரு நாளைக்கு எத்தன தகரம் தூக்குனே?" என்று கேட்டான்.

"ஆறு. துணி இருந்தா எட்டு."

எழுந்து இரண்டு தகரத்தையும் எடுத்துக்கொண்டு கீழே போனான். ஜும்ஆவுக்குப் போட்ட அதே சட்டையோடு குழாயடியில் பெண்களுக்குப் பின்னால் வரிசையில் நின்று, நாலு நடை நடந்து, பானை, தொட்டி, அண்டா எல்லாவற்றையும் நிரப்பினான். கடைசி நடையில் படியேறி வந்தபோது அவனுக்கே மூச்சு வாங்கியது. சட்டையெல்லாம் ஈரம். வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, "பதினஞ்சாம் நாள்ல இதத் தூக்கினியா" என்றான், கேள்வி மாதிரி இல்லாமல்.

மறுநாளிலிருந்து கடை வண்டியோட்டி மருதப்பன் காலையில் முதல் வேலையாக எட்டுத் தகரம் கொண்டுவந்து ஊற்றிவிட்டுத்தான் மாட்டைப் பூட்டுவான்.

இமாமிடம் கேட்கிற காரியம் அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. ஒலி முகம்மது மூன்று நாள் தொழுகை முடிந்ததும் அவர் பக்கத்தில் போய் நின்றுவிட்டு, சலாம் சொல்லித் திரும்பி வந்தான். பள்ளிவாசலைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எப்போதும் சுற்றிலும் கொத்தனாரும் தச்சரும் நின்றார்கள், தனியாகப் பேச இடமில்லை என்று சாக்குச் சொன்னான். நாலாம் நாள் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து வந்தவன் நேராக உள்ளறைக்கு வந்தான்.

இமாம் சொன்னதை ஒப்பிப்பதுபோலச் சொன்னான். அந்த நோய் உள்ளவர்களுக்கு மார்க்கத்தில் வழி இருக்கிறது. தொழுகை நேரம் வந்த பிறகு கழுவிச் சுத்தம் செய்து, சுத்தமான துணியை இறுக்கி வைத்துக்கொண்டு, ஒளு செய்து தாமதிக்காமல் தொழ வேண்டும். அதற்குப் பிறகு அறியாமல் கசிந்தாலும் அந்தத் தொழுகை கூடும். ஒவ்வொரு வேளைக்கும் புதிதாகச் செய்ய வேண்டும். விட்டுப்போன தொழுகைகளை மெல்ல மெல்ல நிறைவேற்றினால் போதும், ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. அல்லா யாரையும் தாங்க முடியாத இடத்தில் நிறுத்துவதில்லை என்றும் சொன்னாராம்.

சம்சுன்னிசா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "யாருக்குன்னு கேட்டாரா?"

"கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

"எனக்குத்தான்னு சொன்னேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் தொப்பியைக் கழற்றித் தட்டிக்கொண்டிருந்தான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவளுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே ஈரம் பட்டது. பட்டால் படட்டும் என்று சிரித்தாள். கூடத்திலிருந்து பையன்கள் இருவரும் ஓடிவந்து, எதற்கென்று தெரியாமலே கூடச் சிரித்தார்கள்.

அவன் அதற்காகக் கொஞ்சம் பட வேண்டியிருந்தது. வசதியாக இருக்கட்டும் என்று இமாம் அவனைத் தொழுகை வரிசையில் வாசல் பக்கமாக நிற்கச் சொன்னார். எப்படியோ இரண்டு மூன்று பெரியவர்கள் காதுக்கும் விஷயம் போய்விட்டது. ஒருவர் வாழைப்பூ சாப்பிடச் சொன்னார். அப்துல் முத்தலிப் என்ற ஜவுளிக்கடைக்காரர் தானே காய்ச்சிய கஷாயத்தைப் புட்டியில் கொண்டுவந்து கடையில் கொடுத்து, குடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுப் போனார். பாகற்காயைவிட மோசமாக இருந்தது என்று வீட்டில் வந்து சொன்னான். ஒருநாள்கூட எனக்கில்லை என்று அவன் யாரிடமும் மறுக்கவில்லை.

சம்சுன்னிசா பாங்குச் சத்தம் கேட்டதும் முதலில் பத்துத் தடவை சுருக்கிப் பிடித்துவிட்டு, பிறகு கழுவி, துணி வைத்து, ஒளு செய்து தொழுதாள். முதல் மாதம் ஹலீமா சொன்னபடியே ஒன்றும் தெரியவில்லை. ஐந்து எண்ணுமுன் நழுவிப்போகும். சரியான இடத்தைத்தான் சுருக்குகிறோமா என்றே சந்தேகம் வந்தது. ஹலீமா வாரத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துத் திருத்தினாள். நோன்பு மாதம் பிறந்தபோது ஒருநாள் இப்ராஹீமை இடுப்பில் வைத்துக்கொண்டு தும்மியவள், காத்திருந்து பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாரம் சளிபிடித்து இருமியதில் மறுபடி பழையபடி ஆயிற்று, அன்றைக்கு மனமுடைந்து, நோன்பு திறந்த பிறகும் சாப்பிடாமல் படுத்திருந்தாள். ஆனால் மறுநாள் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள். தங்கராஜு மூட்டையில் அவள் துணியும் போக ஆரம்பித்தது.

நோன்புப் பெருநாளன்று நூருன்னிசா வந்தாள். தம்பி வீட்டுக்கு வராமல் இருக்க முடியாதே என்றுதான் வந்திருந்தாள். பிள்ளைகளுக்குத் தின்பண்டம் கொடுத்தாள், தம்பியிடம் பேசினாள், சம்சுன்னிசாவின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. சம்சுன்னிசா அவளைக் கையைப் பிடித்து உள்ளறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்து, ஏன் கல்யாணத்துக்கு வரவில்லை என்பதையும் ஹலீமா சொல்லிக்கொடுத்த பழக்கத்தையும் சொன்னாள். மூன்றாம் தடவை சொல்லும்போது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

கேட்டுக்கொண்டிருந்த நூருன்னிசா எழுந்துபோய்க் கதவின் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்தாள்.

"உன்ன அந்த நெலமையில விட்டுட்டுப் போனவ நான்தானே. வீட்ல காய்ச்சல்னு போனேன். தண்ணி தூக்க ஒரு பொம்பளைய வச்சுட்டுப் போகணும்னு எனக்குத் தோணல."

"அப்படிச் சொல்லாதீங்க மச்சி. எனக்கும்தான் கேக்கத் தோணல."

நூருன்னிசா கொஞ்சநேரம் பாயின் கோரையை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள். பிறகு தாழ்ந்த குரலில், தனக்கு ஜரீனா பிறந்ததிலிருந்தே இது இருக்கிறது என்றாள். பதினெட்டு வருஷம். எங்கே போனாலும் உள்ளே இரண்டு கைலி கட்டிக்கொண்டுதான் போகிறாள். மகள் கல்யாணத்தில்கூட வாசல் ஓரமாகவே உட்கார்ந்திருந்ததும் இதனால்தான். வயதானால் சரியாகும் என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தாள். வயதான பிறகு, வயதாகிவிட்டது இனி இப்படித்தான் என்று இருந்துவிட்டாள்.

"எத்தன எண்ற வரைக்கும் பிடிக்கணும்னு சொன்னே?" என்று கேட்டாள்.

பெருநாள் பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. ஒலி முகம்மது இரண்டு முறை கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனான். உள்ளே இரண்டு பெண்களும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் படுத்து, முகட்டைப் பார்த்தபடி, ஐந்துவரை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

மறு வருஷம் ஜரீனாவுக்குப் பிள்ளை பிறந்தபோது நூருன்னிசா ஒரு காரியம் செய்தாள். பிள்ளை பெற்ற மூன்றாம் நாளே மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, தனக்கு என்ன இருக்கிறது, எதனால் வந்தது, எத்தனை வருஷம் வாய் திறக்கவில்லை என்பதையெல்லாம் பூசி மெழுகாமல் சொன்னாள். மகளுக்கு வெட்கமாக இருந்தது, உம்மா இதெல்லாம் எதற்கு என்றாள். நூருன்னிசா நிறுத்தவில்லை. மருமகனையும் விடவில்லை. அவனைக் கூப்பிட்டு, நாற்பத்து நான்கு நாள் இந்த வீட்டில் தண்ணீர் யார் கொண்டுவருவது என்று கேட்டு, பதில் வாங்கிக்கொண்ட பிறகுதான் ஊரிலிருந்து வந்த விருந்தாளிகளைக் கவனிக்கப் போனாள்.

சம்சுன்னிசாவுக்கு முழுவதும் குணமாகவில்லை. பலத்த இருமல் வந்தால் இன்னும் கொஞ்சம் கசியும். ஐந்தாவது பிள்ளைக்குப் பிறகு சில மாதம் சிரமப்பட்டாள், மறுபடி தேறினாள். ஆனால் அவள் வீட்டுக்குள் அடைந்து கிடக்கவில்லை. ஜரீனாவின் பிள்ளைக்குப் பெயர் வைத்த அன்று டிராம் ஏறித் தெலுக் ஆயருக்குப் போய், கூடம் நிறைய இருந்த பெண்களுக்கு நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்தாள். அஸர் பாங்கு கேட்டதும், ஒளு செய்ய எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அந்த வீட்டுச் சிறுமி ஒருத்தியிடம் கேட்டு, எழுந்து போனாள்.